குறை சொல்ல ஒரு நாடு

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாகான் டாலாமில் அம்மா அப்பாவோடு இருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் பட்டர்வொர்த் துறையில் ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போய், சாயங்காலம் அதே ஃபெர்ரியில் திரும்புவேன். எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஓர் அபிப்பிராயம் இருந்த காலம் அது. எங்கள் வட்டாரத்தில் இளைஞர்களுக்கு வகுப்பு நடத்தும் ஓர் அக்கா ஒரு நாள் கூப்பிட்டார். "நாட்டோட எதிர்காலச் சவால்னு ஜார்ஜ் டவுன்ல ஒரு கூட்டம் வைக்கிறோம்மா. பெரியவங்க பேசப் போறதில்ல, இளைஞர்கள்தான் பேசணும். ஒரு குழுவுக்கு மூணு பேரு. நீ ஒரு குழு கொண்டு வர்றியா?" என்று கேட்டார். யோசிக்காமல் சரி என்றேன்.

ஆள் தேட நான் எங்கும் போகவில்லை. ஃபெர்ரியிலேயே இருந்தார்கள்.

ஒருவர் எங்கள் பின் தெருக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. தீவுக்குப் போகும் பாலத்தில் போனால் அவருக்குச் சுலபம். ஆனால் காற்றும் லாரியும் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிடும் என்று அவருடைய அம்மாவுக்குப் பயம். அதனால் மோட்டாரோடு ஃபெர்ரியில் ஏறி, தீவில் கரையோரச் சாலையைப் பிடித்துப் போவார். நான் கேலி செய்தால், "அம்மா நிம்மதியா இருக்காங்க, அது போதும்லா" என்பார்.

இன்னொருத்தி பைராம் தோட்டத்துப் பெண். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. ஜார்ஜ் டவுனில் ஒரு சீன அம்மா நடத்தும் கேக் கடையில் வேலை கிடைத்ததும் எங்கள் வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள். சாயங்கால ஃபெர்ரியில் அவள் பையைத் திறந்தால் வெண்ணெய் வாசம் வரும். அன்று விற்காமல் போன பன்னை எங்கள் இருவருக்கும் பிய்த்துக் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் சிரிப்பு வருகிற மாதிரி பேசுவாள்.

இருவரிடமும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் உடனே ஆரம்பித்துவிட்டார்.

"சவால்னா வேலதான். புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு எங்க இடத்துல. எங்க பழுதுன்னு அதுவே ஸ்கிரீன்ல காட்டுது. எந்த ஸ்க்ரூவக் கழட்டணும்னும் அதுவே சொல்லுது. கழட்டுறதுக்குக் கைதான் இல்ல, அதுக்காக என்னைய வச்சிருக்காங்க. அதுக்குக் கை மொளைக்கிற வரைக்கும்தான் எனக்கு வேல."

"அதுவும் மொளைச்சிரும் அண்ணே," என்றாள் அவள்.

"மொளைச்சிரும்லா. அதத்தான் சொல்றேன். என்கூடப் படிச்சவனுங்க பாதிப் பேரு சிங்கப்பூர் போயிட்டானுங்க. இங்க இருக்கிறவனுக்கு வேல பயம், போனவனுக்கு வீட்டு ஞாபகம்."

நான் தண்ணீரைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் வந்த பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி மல்லாந்து மிதந்து, கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் தானாகப் போய் நின்றது. அப்பா மேசை மேல் உட்கார்ந்துகொண்டு, அது சுவரில் இடிக்காதபடி காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அப்போது சிரித்தோம். பிறகு ஒவ்வொரு மழைக்கும் அம்மா மின்சாதனங்களைக் கட்டிலில் ஏற்றிவைக்க ஆரம்பித்தபோது சிரிப்பு போய்விட்டது. கடல் ஏறுகிறது, வெயில் ஏறுகிறது, பாகான் டாலாம் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று ஃபெர்ரியில் நின்றாலே தெரியும். நான் பிள்ளை பெற்றால் அது எங்கே இருக்கும் என்ற கேள்வியோடு என் உரையை முடிப்பதாகத் திட்டம்.

"நீ எதப் பத்திப் பேசுற?" என்று அவளைக் கேட்டேன்.

"வேல, தண்ணி ரெண்டும் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசுங்கக்கா. நான் திரையில படம் போட்டுத் தர்றேன்."

எவ்வளவு கேட்டும் அதையேதான் சொன்னாள். கூச்சம் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், எழுதி முடித்த என் முன்னுரையைக் காலை ஃபெர்ரியில் இருவருக்கும் படித்துக் காட்டினேன். ஓட்டுப் போடும் வயதை அப்போதுதான் பதினெட்டாகக் குறைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் தொடங்கியிருந்தேன். இனி இளைஞர்கள் சாக்குச் சொல்ல முடியாது, ஓட்டுப் போடாதவருக்கு இந்த நாட்டைக் குறை சொல்ல உரிமை கிடையாது என்று முடியும் அந்தப் பத்தி. அண்ணன் மோட்டார் இருக்கையில் தாளம் தட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரலாமா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஓட்டு இல்ல."

"உனக்கு இருபத்தொண்ணு ஆச்சே. இப்பல்லாம் பதியக்கூட வேணாம், தானாவே பேரு வந்துரும்."

"நீல ஐசிக்கு வரும். என்னோடது சிவப்பு."

எங்கள் நாட்டில் குடிமக்களின் அடையாள அட்டை நீல நிறம். நிரந்தரமாகத் தங்கியிருக்கலாம், ஆனால் குடிமக்கள் அல்ல என்பவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டை என்றால் வெளியிலிருந்து வந்து குடியேறிய வயதானவர்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள். இவள் நிபோங் திபாலில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்.

அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டு, "எப்படி?" என்றார்.

அப்பா இந்த நாட்டுக்காரர், அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று சொன்னாள். கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அதை முறையாகப் பதிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்து பதிந்தபோது இவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பதிவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி தாயின் குடியுரிமைதான். அவளுடைய தம்பி பதிவுக்குப் பிறகு பிறந்தவன். அவனுக்கு நீலம்.

"ஒரே வீட்டுல ரெண்டு கலரு," என்று சிரித்தாள். "யாரும் கெட்டது பண்ணலக்கா. அப்பாவுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் எடுத்தவள் என்பது எனக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் படிக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. கேக் செய்யப் பிடித்துப்போய் வந்துவிட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேக் செய்வது அவளுக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் போன பிறகு பிடித்தது அது.

ஃபெர்ரி கரையில் முட்டியது. மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. அந்த வரியை நான் கைத்தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டேன். அன்று முழுவதும் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டியிருந்த அடையாள எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவுதான். சாயங்காலம் அவளிடம், "நீ இதையே பேசேன்" என்று சொல்லப் போனேன். அண்ணன் என்னைத் தனியாக இழுத்து, "கேக்காதலா. பேசணும்னா அவளே பேசுவா" என்றார். அந்த ஒரு விஷயத்துக்கு நான் அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

சனிக்கிழமை காலையில் கூட்டம். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. மின்விசிறிகள் சுற்றினாலும் வேர்த்தது. பின்பக்க மேசையில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் இனிப்புச் சிரப் தண்ணீரும் வைத்திருந்தார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் பேசலாம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த ஒரு பெண் முதுமையைப் பற்றிப் பேசினாள். அவள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பெரியம்மா என்று நான்கு பேர் மாத்திரை போடுகிறார்கள், சம்பாதிப்பது அவள் ஒருத்தி. "நாங்க கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு முன்னாடியே எங்களுக்கு நாலு பிள்ளைங்க" என்றாள். ஒரு சீனப் பையன் மலாயில் பேசினான். பள்ளிக்கூடம் தொடங்கி வேலை வரைக்கும் தன்னைப் போன்றவர்களோடு மட்டுமே பழகிவிட்டதாகவும், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தில் ஒரு சாவு நடந்தபோது உள்ளே போய் என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றதாகவும் சொன்னான். அதுதான் தன்னுடைய பயம் என்றான். பொதுவாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எல்லாரும் தங்கள் வீட்டிலிருந்து பேசினார்கள்.

எங்கள் முறை வந்தது. அண்ணன் முதலில் போனார். கை முளைக்கும் மெஷினைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். பிறகு மைக்கைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் போறேன்" என்றார்.

எனக்குத் தெரியாது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். திரைக்குப் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கை தூக்கினார். "தம்பி, திறமை இருக்கிறவங்க எல்லாரும் போயிட்டா, நீங்க சொன்ன இந்தச் சவால யாருப்பா சமாளிக்கிறது?"

"தெரியல சார்," என்றார் அண்ணன். "பதில் தெரிஞ்சா நான் போக மாட்டேன். திரும்பி வரமாட்டேன்னு நான் சொல்லல. எங்கம்மா இங்கதான் இருக்காங்க."

பெரியவர் தலையாட்டினார். அடுத்து நான் போய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். குளிர்பதனப் பெட்டி மிதந்த கதைக்குச் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். ஆனால் மனம் முழுக்க அண்ணன் மேல் கோபம்.

கூட்டம் நடத்திய அக்கா நன்றி சொல்லி எங்கள் குழுவை முடிக்கப் போனபோது, அவள் எழுந்து வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினாள். எனக்கு நினைவிருக்கிற மட்டும் அதைத் தமிழில் சொல்கிறேன்.

"காலையிலருந்து எல்லாரும் நம்ம நாடு நம்ம நாடுன்னு சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. எனக்கு சிவப்பு ஐசி. நான் பொறந்தது இங்கதான். எதிர்காலத்தப் பத்தி எனக்குப் பெரிய பயம்னு ஒண்ணும் இல்ல. ஒரு ஆசை இருக்கு. உங்கள மாதிரி நானும் இந்த நாட்டக் குறை சொல்லணும்."

சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"நெஜமாத்தான். கடைக்கு வர்றவங்க பஸ் சரியில்ல, ரோட்டுல குழி, மந்திரி சரியில்லன்னு பேசுவாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒரு தடவ தொறந்தேன். உன் ஐசி என்ன கலருன்னு ஒருத்தர் கேட்டாரு. விளையாட்டுக்குத்தான் கேட்டாரு. வீட்டுப் பிள்ளதான் சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொல்லும். விருந்தாளி எதப் போட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். நான் பொறந்ததுலருந்து நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் கணினிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இடைவேளையில் நாங்கள் சிரப் தண்ணீருக்கு நின்றபோது, நீல முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் பாதி கடித்த கறிபாப்போடு அவளிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். தான் ஒரு வழக்கறிஞர், இது போன்ற வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் பார்ப்பதுண்டு என்று சொன்னாள். "குடியுரிமைக்கு முன்னாடி விண்ணப்பிச்சிருக்கியா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஒரு தடவ. எங்ககிட்ட எல்லாத் தாளும் இல்ல. அதோட விட்டுட்டோம்."

"என்னென்ன இருக்குன்னு நான் பாக்கலாமா? கெடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. பாக்கலாம்."

அவள் வழக்கறிஞரிடமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு என்னைப் பார்த்தாள், நான் எந்தத் தைரியத்தில் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்து மூவரும் சாப்பிடப் போனோம். சோறு வருவதற்குள் அண்ணனிடம் சண்டைக்குப் போய்விட்டேன். "எங்ககிட்ட சொல்லாம மேடையில போய்ச் சொல்றீங்க. நாட்டுக்குச் சவால்னு பேசிட்டு, நீங்களே போறீங்க."

"உங்கிட்ட முதல்ல சொன்னா நீ பேசிப் பேசியே என்னைய நிறுத்திருவ," என்றார் அவர். "எனக்கும் போகப் பிடிக்கலதான். அப்பா இல்ல, தங்கச்சி படிக்கிறா. என்ன பண்ணச் சொல்ற?"

அவள்தான் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "விடுங்கக்கா. எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல. அண்ணன் போய்ப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லட்டும். நாம இங்க இருந்து கேட்டுக்குவோம்."

மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் போகும்போது மோட்டாரின் சாவியை அவளிடம் கொடுத்து, "சும்மா நிறுத்தி வச்சா கெட்டுரும், நீயே ஓட்டு" என்றார்.

பிறகு நடந்தவை இரண்டு வருடத்துக்கு மேல் நீண்டன. எல்லாவற்றையும் சொன்னால் அலுத்துப்போகும். மறக்க முடியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞர் ஓட்டிவந்த காடியில் பைராம் தோட்டத்துக்குப் போனோம். பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் மோட்டார்கள் வரிசையாக நின்றன. ஏதோ விசேஷம் போல என்று நினைத்தோம். உள்ளே போனால் தோட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் சலவை செய்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சாட்சிகள்.

"ரெண்டு பேரு போதுமாமே," என்றாள் அவள் சங்கடத்தோடு.

"ரெண்டா?" என்றார் ஒருவர். அவளுடைய அப்பாவோடு செம்பனைப் பழம் வெட்டியவர். "நீ பொறந்தப்ப உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு வேன்ல ஏத்திட்டுப் போனது நான். இவரு முன்னால உக்காந்திருந்தாரு. அந்தக்கா பின்னால கையப் பிடிச்சிருந்தாங்க. யார விடுறது?"

வழக்கறிஞர் நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு, எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அன்று பிற்பகல் வரைக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதினாள். எங்கள் தோழியின் அம்மா தேநீர் கொண்டுவந்தார். மலாய் விருந்தாளி தயங்கக்கூடாது என்று புதுக் கண்ணாடிக் குவளைகள் வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அலமாரியில் வைத்திருந்து, கண் முன்னாலேயே கழுவி ஊற்றினார். பிஸ்கட்டுப் பொட்டலத்தில் ஹலால் முத்திரை தெரிகிற பக்கத்தை வழக்கறிஞர் பக்கமாகத் திருப்பி வைத்தார். வழக்கறிஞர் அதைக் கவனித்தாள். இரண்டாவது குவளைத் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கேக் கடைச் சீன அம்மா அவளுக்கு எத்தனை முறை விடுப்புக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நேர்காணலில் நாட்டைப் பற்றிக் கேள்விகள் வரும் என்று கேள்விப்பட்டு, மாவு பிசைந்துகொண்டே அவளைப் பயிற்சி செய்யவைத்தவர் அவர். மாநிலங்கள், ஆளுநர்கள், கொடியில் எத்தனை கோடு என்று கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்துக் கேட்பார். ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, "ஐயோ, இது எனக்கே தெரியாதே. எல்லாரையும் மறுபடி கேட்டா என் ஐசியப் பிடுங்கிருவாங்க போல" என்று மலாயில் சொல்லிவிட்டு, வாசலில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று எட்டிப் பார்த்தார்.

பதிவு அலுவலகத்தில் குடியுரிமை விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். முகப்பில் இருந்த மலாய் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "இது நகல். மூலம் வேணும்." அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே கொண்டு வர முடியுமா? முடிஞ்சா வரிசையில நிக்க வேணாம், நேரா எங்கிட்ட வாங்க" என்றார்.

தோட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். அந்த வேன் ஓட்டியவரின் மகன் மோட்டாரில் கொண்டுவந்தான். வழியில் மழை. தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து, அதன் மேல் மழைக்கோட்டுப் போட்டு, தலையிலிருந்து கால் வரைக்கும் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். தாள் நனையவில்லை. முகப்பில் இருந்த அம்மா தன் மேசையிலிருந்து துடைக்கும் தாள் பெட்டியை எடுத்து முதலில் அவனிடம்தான் கொடுத்தார்.

அதன் பிறகு காத்திருந்தோம். காத்திருந்த காலத்தில் நான் சோர்ந்துபோன நாட்கள் உண்டு. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், "அவளோடது என்னா ஆச்சு?" என்றுதான் கேட்பார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கும். அவளுக்கு அப்படி இல்லை. "ஆகும்போது ஆகட்டும். கேக்கு வெந்துருச்சான்னு அடுப்ப தொறந்து தொறந்து பாத்தா அமுங்கிரும்" என்று சொல்லி என்னை வேறு பேச்சுக்கு இழுத்துப் போவாள். யாருக்கு யார் தைரியம் சொல்வது என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

போன வருடம் ஒரு பிற்பகல், பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது வழக்கறிஞர் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு நடைபாதைக்குப் போய் எடுத்தேன். "கெடச்சிருச்சு" என்று தமிழில் சொன்னாள். மூன்று நான்கு முறை தோட்டத்துக்குப் போய் வந்ததில் அவள் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அந்த வழியாகப் போன தாதி ஒருவர், எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வருவாரா என்று கேட்டால், இன்னும் தெரியல என்பார். எனக்கு இப்போது அதில் கோபம் இல்லை. அன்று உள்ளே குடும்பத்தார் மட்டும்தான் போனார்கள். நாங்கள் காடி நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். அண்ணன், நான், வழக்கறிஞர், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த சீன அம்மா. சீன அம்மா அடிக்கடி, "கொடியில எத்தன கோடுன்னு கேட்டாலும் சொல்லிருவா, கோடு அவளுக்குத் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து அவள் வந்தாள். நடந்துதான் வந்தாள், ஓடவில்லை. எங்களிடம் வந்து, "சத்தமா சொன்னேன்க்கா. மைக் இல்லாமலே கேட்டிருக்கும்" என்றாள். அவளுடைய அப்பா எங்கள் ஒவ்வொருவரின் கையையும் இரண்டு கையாலும் பிடித்தார். வழக்கறிஞரிடம் வந்தபோது கையை நீட்டலாமா என்று தயங்கினார். அவள் தன் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தாள். அவரும் அப்படியே செய்தார்.

நீல அட்டை சில நாள் கழித்து வந்தது. அந்த வார இறுதியில் தோட்டத்து வீட்டில் சாப்பாடு. இதை எழுதும்போது அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். என் நாட்டுக்கு முன்னால் இருக்கிற சவால்கள் எதுவும் அன்று தீர்ந்துவிடவில்லை. எங்கள் தெருவில் போன மாதமும் தண்ணீர் ஏறியது. அண்ணனின் தொழிற்சாலையில் அவர் இருந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. அவளைப் போல் சிவப்பு அட்டையோடு இருக்கும் பிள்ளைகளை இப்போது எனக்கு இன்னும் பலரைத் தெரியும். வழக்கறிஞரிடம் அவர்களை அழைத்துப் போவது அவள்தான். ஆனாலும் அந்த மழையில் வந்த பையனையும், நாற்காலி கொண்டுவந்த தாதியையும், புதுக் குவளைகளையும் எனக்குக் கொடுத்தது இந்த நாடுதான். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல என்று தெரியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அட்டை கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவளுடைய அம்மாவிடம் வந்தது. அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தார். புகைப்படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்த சொல்லைக் காட்டி, "இது என்னாடி எழுதியிருக்கு?" என்று மகளிடம் கேட்டார்.

குடிமகள் என்று எழுதியிருந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நம்ம பிள்ளன்னு போட்டிருக்கும்மா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்," என்று சொல்லி அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இலை போடச் சமையலறைக்குள் போனார் அம்மா.